ஒரே பனியனில் இரண்டு பேர்

பாகூர் ஏரிக்கரைப் பக்கத்து மைதானத்தில் மைக் வைத்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. என்னைப் பிடித்துக் கட்டிவைத்து உதைக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நான் நம்பினேன். முழுசாக நம்பினேன். உதைக்கப் போகிறவன் மைக் செட் போட்டு, "சவரிமுத்து எங்கிருந்தாலும் உடனே வரவும்" என்று மரியாதையாகக் கூப்பிடுவானா என்று யோசிக்கிற மூளை அன்றைக்கு என்னிடம் இல்லை. இருபத்திரண்டு வயதில் என்னிடம் இருந்ததெல்லாம் நல்ல மூச்சும் வேகமான காலும்தான். இரண்டையும் கூட்டிக்கொண்டு அத்தை வீட்டுக் கொல்லைப்புறமாகக் கரும்புக்குள் ஓடினேன்.

உதைப்பார் என்று நான் நினைத்த அந்த ஆளைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் எழுதப் போவதில்லை. எழுதினால் அவர் வீட்டு ஆட்கள் படிப்பார்கள், படித்தால் நான் மறுபடி ஓட வேண்டியிருக்கும். இப்போது எனக்குச் சர்க்கரை, ஓட்டம் வராது. நாங்கள் அவரை மானேஜர் என்று கூப்பிட்டோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

எழுபதுகளில் வில்லியனூரில் அரிசி மில்லும் ஜவுளிக்கடையும் வைத்திருந்த ஒரு மொதலாளி, கூடவே ஒரு கபடி டீமும் வைத்திருந்தார். கபடி மேல் அவருக்கு ஆசை ஒன்றும் கிடையாது. கடைப் பெயர் போட்ட பனியன் ஏழு முதுகில் ஏறி ஊர் ஊராகத் திருவிழாவுக்குப் போனால் நோட்டீஸ் ஒட்டுகிற செலவு மிச்சம், அவ்வளவுதான். டீமில் இருப்பவனுக்கு மில்லில் வேலை. ஆடுகிறவரைக்கும் சாக்குத் தைக்கலாம், களத்தில் நெல்லைக் கிண்டிவிடலாம். ஆட்டம் நின்றுபோனால் மூட்டை தூக்க வேண்டும். மூட்டை தூக்க முடியாதவன் வீட்டுக்குப் போக வேண்டும். மில்லின் சட்டம் மொத்தமே இவ்வளவுதான். இதை யாரும் எழுதி மாட்டவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

டீமைச் சேர்த்தவர் மானேஜர். பழக்கியவர் அவர், ஆடப்போகிற ஏழு பேரின் லிஸ்டை எழுதுகிறவர் அவர், அம்பயரோடு தொண்டை கிழியச் சண்டை போடுகிறவரும் அவரே. சண்டை போட்டு முடித்ததும் வேட்டியை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, அரைக்கால் சட்டையோடு உள்ளே இறங்கி ஆடுகிறவரும் அவரே. இந்த இரண்டு வேலையையும் அவர் ஒரு நாளும் கலந்ததில்லை. மானேஜர் ஒரு ஆள், ஆட்டக்காரர் இன்னொரு ஆள். இருவரும் ஒரே பனியனுக்குள் குடியிருந்தார்கள். ஒத்துப்போனதே இல்லை.

நான் டீமில் சேர்ந்த வாரமே அதைப் பார்த்தேன். காலை ஆறு மணிக்குப் பழக வேண்டும், லேட்டாக வந்தால் களத்தைச் சுற்றி ஐந்து ரவுண்டு. ஒரு நாள் திருவாண்டார்கோயிலிலிருந்து வருகிற பஸ் வரவில்லை, அவரே லேட். வந்தார், விசிலை எடுத்து ஊதினார்.

"ஏன்டா லேட்டு?" என்று கேட்டார். யாரைக் கேட்கிறார் என்று நாங்கள் திரும்பிப் பார்த்தோம். பின்னால் யாரும் இல்லை.

"பஸ்ஸு வரல மானேஜர்" என்று அவரே பணிவாகச் சொன்னார்.

"பஸ்ஸு மேல பழியப் போடாத. மத்தவன்லாம் எப்படி வந்தான்? ஓடு."

விசிலைப் பக்கத்திலிருந்த கோவிந்தன் கையில் கொடுத்துவிட்டு ஓடினார். ஐந்து ரவுண்டு. நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. ஐந்தாவது ரவுண்டில் மூலை வெட்டி ஓடியதாகத் தன்மேலேயே சந்தேகப்பட்டு ஆறாவதும் ஓடினார்.

இதைக் கேட்டு அவரை ஒரு மகான் என்று நினைத்துவிட வேண்டாம். திருவிழா ஆட்டத்துக்குப் போனால் ஒரு வழக்கம் உண்டு. டீம் மானேஜருக்கு ஊர்ப் பெரியவர் வீட்டில் கறிசோறு, ஆட்டக்காரர்களுக்குப் பள்ளிக்கூடக் கொட்டகையில் சாம்பார் சோறு. எங்கள் ஆள் முதலில் பெரியவர் வீட்டுக்குப் போய் மானேஜராக உட்கார்ந்து, எலும்பு வரைக்கும் சாப்பிடுவார். அப்புறம் கொட்டகைக்கு வந்து எங்கள் வரிசையில் உட்கார்ந்து இலையைப் போடச் சொல்வார்.

"இன்னா மானேஜர், அங்க சாப்டுட்டுத்தான வந்தீங்க?"

"சாப்ட்டவன் மானேஜருடா. ஆடப்போறவனுக்குப் பசிக்காதா?"

இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சாப்பிட்டார். அதில் மட்டும் பேதம் பார்த்ததில்லை.

மொதலாளிக்கும் அவருக்கும் ஆகாது. எங்கள் பக்கத்தில் அதுவரைக்கும் கபடி ஆடுகிறவனுக்கு ஒரு துண்டும் ஒரு கலர் சோடாவும்தான் மரியாதை. இவர்தான் முதலில் போய் நின்று, "டோர்னமெண்டு அன்னிக்கும் ஆளுங்க வேலைக்கு வந்ததா எழுதணும் மொதலாளி" என்று கேட்டவர்.

"வெளையாட்டுக்குக் கூலியா? ஊரு சிரிக்கும்பா."

"ஒரு நாளு நீங்க எறங்கிப் பாருங்க மொதலாளி. அப்புறம் சொல்லுங்க, வெளையாட்டா வேலையான்னு."

மொதலாளி தன் தொந்தியைக் குனிந்து பார்த்துக்கொண்டு சரி என்றார். ஆனால் மறக்கவில்லை. அடுத்த மாதமே மறக்காததைக் காட்டினார். ஒரு ஆட்டத்தில் ஏறி வந்த எதிர் ஆள் கை இவர் தோளில் பட்டது, அம்பயர் பார்க்கவில்லை. நாங்கள் வாயை மூடிக்கொண்டு நின்றோம். இவர் நடுக்கோட்டுக்கு வந்து, "பட்டுச்சாடா?" என்று கேட்டு, "பட்டுச்சு மானேஜர்" என்று சொல்லிக்கொண்டு, அம்பயரைப் பார்த்து, "சார், என் ஆளு அவுட்டு. எழுதிக்கோங்க" என்று வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மொதலாளி எழுந்துவிட்டார். "நான் சோறு போடறேன், இவன் எதிராளிக்குப் பாயிண்டு போடறான்!" என்று கத்தினார். மைதானமே சிரித்தது. நானும் சிரித்தேன். நான் எல்லாவற்றுக்கும் சிரிப்பேன். என் பிழைப்பு அது.

இப்போது என் குறை. எட்டுப் பேர் கொண்ட டீமில் நான் எட்டாவது ஆள். ஏழு பேர் ஆடுவார்கள். நான் அவர்கள் வேட்டிகளைப் பார்த்துக்கொள்வேன். ஒரே ஒரு தடவை, கோவிந்தனுக்குக் காய்ச்சல் என்று என்னை இறக்கினார். கபடியில் எதிர் பக்கத்துக்கு ஏறிப் போகிறவன் ஒரே மூச்சில் "கபடி கபடி" என்று விடாமல் சொல்லிக்கொண்டே போக வேண்டும். நான் ஏறினேன். எதிரே ஏழு தடியன்கள். அதில் ஒருவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் எனக்குக் கபடி என்கிற வார்த்தை மறந்துபோய், "அருள் நிறைந்த மரியே, அருள் நிறைந்த மரியே" என்று சொல்லிக்கொண்டே அவர்களைச் சுற்றி வந்தேன். நல்ல மூச்சு. அரை நிமிஷம் தாக்குப்பிடித்தேன். அவர்களில் யாரும் என்னைத் தொடவில்லை, சாமி பேர் சொல்கிறவனை எப்படித் தொடுவது என்று தயங்கிவிட்டார்கள். அம்பயர் விசில் ஊதி என்னை அனுப்பினார். எங்கள் பங்குச் சாமியார் வரைக்கும் சேதி போய்விட்டது.

மானேஜர் திட்டவில்லை. "மூச்சு நல்லாருக்குடா. வார்த்தைதான் மாறிடுச்சு" என்றார். அதற்கப்புறம் ஒரு வருஷம் வேட்டி மடிப்புதான்.

அந்த வருஷத்தில்தான் அவருக்கு வலது முட்டி போனது. ஏறிப் போய்த் திரும்பினால் ஒரு நொடி முகம் சுருங்கும். கட்டுப் போட்டுக்கொண்டு ஆடினார். வயசு முப்பத்தெட்டோ நாற்பதோ. லேட்டுக்கு ஓடுகிறார், அவுட்டுக்கு வெளியே போகிறார், தப்பாகப் பிடித்தால் தன்னையே திட்டிக்கொள்கிறார், எல்லாம் சரி. லிஸ்டில் மட்டும் தன் பெயரை எடுக்க மாட்டேன் என்கிறாரே! எனக்கு வயிறு எரிந்தது. இவ்வளவு நியாயம் பேசுகிற மானேஜர், நொண்டுகிற ஆட்டக்காரனை ஏன் உட்கார வைக்கவில்லை? பெயரை எடுத்தால் அந்த முட்டியோடு மூட்டை தூக்க வேண்டும், அல்லது வீட்டுக்குப் போக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் எரிந்தது. இருபத்திரண்டு வயசில் அடுத்தவன் முட்டி அவ்வளவு பெரிய விஷயமாகத் தெரியாது.

ஜவுளிக்கடைக்கே போனேன். மொதலாளி யாருக்கோ சட்டைத் துணி அளந்துகொண்டிருந்தார்.

"இன்னாடா?"

"மானேஜருக்கு முட்டி போய்டுச்சு மொதலாளி. மறைச்சிக்கினு ஆடறாரு. நாங்க ஒக்காந்துக்கினே கெடக்கறோம்."

"எந்த முட்டி?"

"வலது."

"ம்" என்றார். கத்தரிக்கோலை எடுத்துத் துணியை நறுக்கினார். அந்த "ம்" எனக்கு அன்றைக்கு இனித்தது. இன்றைக்கு நினைத்தால் அந்தக் கத்தரிக்கோலைப் பிடுங்கி என் நாக்கை நறுக்கியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

அன்றைக்கு மத்தியானம் வெற்றியின் கொழுப்பில் களத்தில் ஒரு நாடகம் போட்டேன். நொண்டிக்கொண்டே ஏறிப் போனேன். "ஏன்டா நொண்டறே?" "முட்டி வலிக்குது மானேஜர்." "அப்ப லிஸ்ட்ல ஒன் பேரு எப்படிடா?" "நீங்கதான எழுதனீங்க மானேஜர்!" நெல் கிண்டுகிற பெண்கள் வரைக்கும் சிரித்தார்கள். திடீரென்று சிரிப்பு நின்றது. திரும்பினேன். கையில் டீ கிளாஸோடு அவர் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"காலு தப்புடா சவரி" என்றார். "எனக்கு வலது. நீ எடது காலுல நொண்டற."

டீயைக் குடித்து முடித்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை மொதலாளி அவரை மில் ஆபீசுக்குள் கூப்பிட்டார். கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். கொஞ்ச நேரத்தில் கோவிந்தன் சாக்கு ஊசியோடு என்னிடம் வந்தான்.

"மானேஜரு ஒன்னத் தனியா வரச்சொல்றாரு."

"எதுக்கு?"

"தெர்ல. கைல பேப்பரு வெச்சிக்கினு நிக்கறாரு. மூஞ்சே சரியில்ல."

பேப்பர் என்றதும் முடிந்தது. வேலையிலிருந்து எடுக்கிற பேப்பர். கோள் சொன்னது தெரிந்துவிட்டது, தனியாகக் கூப்பிட்டு நாலு அறை, அப்புறம் பேப்பர். "வந்துட்டேன்னு சொல்லு" என்று கோவிந்தனை அனுப்பிவிட்டு, உமிக் கிடங்குப் பக்கமாகச் சுவர் ஏறிக் குதித்தேன். முதலில் வந்த பஸ்ஸைப் பிடித்து, இன்னொன்று மாறி, பாகூரில் அத்தை வீட்டில் போய் விழுந்தேன்.

மறுநாள் எங்கள் டீமுக்கு ஒரு பைனல் இருந்தது. வேறொரு ஊரில் நடக்க வேண்டியது. மைதானம் சரியில்லை என்று பாகூருக்கு மாற்றிவிட்டார்கள். அந்தச் சேதி மில்லுக்கு வந்தபோது நான் பஸ்ஸில் இருந்தேன். ஓடிப்போகிறவன் எந்தப் பக்கம் ஓடக் கூடாதோ அந்தப் பக்கமே ஓடியிருக்கிறேன். இந்தத் திறமை வேறு யாருக்கும் வராது.

பைனல் அன்றைக்குச் சாயங்காலம் அத்தை வீட்டில் கேழ்வரகு அடை தின்றுகொண்டிருந்தபோதுதான் மைக் பேச ஆரம்பித்தது. "அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே" என்று தொடங்கி எங்கள் கடைப் பெயரைச் சொன்னதும் அடை தொண்டையில் நின்றது. பெயர்களைப் படித்தார்கள். காற்று மாறி மாறி அடித்ததில் முழுசாகக் கேட்கவில்லை. அப்புறம் காற்று நின்று, தெளிவாக வந்தது: "சவரிமுத்து எங்கிருந்தாலும் உடனே மைதானத்துக்கு வரவும்."

"டேய், ஒன் பேருதான்டா கூப்புடறாங்க?" என்றாள் அத்தை.

"அது வேற சவரிமுத்து."

"கபடி ஆடற வேற சவரிமுத்து எவன்டா?"

"இருப்பாங்க அத்த. ஊரு பூரா சவரிமுத்துதான்."

இரண்டாவது தடவை கூப்பிட்டபோது நான் கொல்லைக் கதவில் இருந்தேன். மூன்றாவது தடவை கரும்புக்குள். காய்ந்த இலைச் சோகை முகத்தைக் கிழித்தது. ஒரே மூச்சில் அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டே குனிந்து கிடந்தேன். என் ஆயுளில் நான் போன மிக நீளமான ஏற்றம் அதுதான். எதிரே யாரும் இல்லை, விசில் ஊதவும் ஆள் இல்லை. மைதானத்திலிருந்து ஒரு கூச்சல் எழுந்து அடங்கியது, அப்புறம் இன்னொரு பெரிய கூச்சல், அப்புறம் வெடி. என்னைத் தேடிப் பட்டாசு வெடிக்கிறார்கள் என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

நாலாம் நாள் மில்லுக்குப் போனேன். என்னை யாரும் அடிக்கவில்லை. அதுதான் முதல் அடி. கோவிந்தன் என்னைப் பார்த்துவிட்டுச் சாக்கைத் தைத்துக்கொண்டே இருந்தான். அதை முடித்துவிட்டுத்தான் பேசினான்.

ஆபீஸ் கதவுக்கு வெளியே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தான். மொதலாளி, "முட்டி போய்டுச்சாமே? நாளைலேர்ந்து மூட்ட தூக்கு" என்றாராம். மானேஜர், "ஆட்டத்த வுட்டுடறேன் மொதலாளி. டீமப் பாத்துக்கினு இருக்கேன்" என்று கேட்டிருக்கிறார். மொதலாளி யோசித்து, "நீ ஆடாம பைனலு ஜெயிச்சிக் காட்டு. ஜெயிச்சா மானேஜரா இரு. இல்லன்னா மூட்ட" என்றாராம். மானேஜர் வெளியே வந்து லிஸ்ட் எழுதியிருக்கிறார். ஏழாவது இடத்தில் தன் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டிருக்கிறார். அதைக் காட்டத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

"நான்தான் கேட்டேன்" என்றான் கோவிந்தன். "அந்த ஜபம் பண்றவனயா மானேஜர்னு. அவன் மூச்சு யாருக்கும் வராதுடா, ஒரே நாள்ல வார்த்தயச் சொல்லிக் குடுத்துடலாம்னாரு. நீ எங்கடா போய்த் தொலஞ்ச?"

கரும்பு கிழித்த கோடுகள் முகத்திலேயே இருந்தன.

மூன்று தடவை மைக்கில் கூப்பிட்டும் ஆள் வரவில்லை. ஏழு பேர் இல்லாமல் இறக்க மாட்டோம் என்று ஆட்டம் நடத்துகிறவர்கள் சொல்லிவிட்டார்கள். மானேஜர் மைதான ஓரத்தில் நின்று, எல்லோர் காதிலும் விழத்தான் கேட்டாராம். "ஆளு வர்லடா. நீ எறங்கறியா?"

"முட்டி வலிக்குது மானேஜர்."

"தெரியும்டா. எறங்கு."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை என்றான் கோவிந்தன்.

வேட்டியை மடித்து வைக்க ஆள் இல்லாததால் தரையில் போட்டுவிட்டு இறங்கியிருக்கிறார். கடைசி ஏற்றத்தில் ஒரு பாயிண்டு வேண்டும். ஒருவனைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது மூன்று பேர் மேலே விழுந்தார்கள். முட்டி அடியில் மடங்கிக் கிடந்தது. அப்படியே கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டிருக்கிறார். கட்டிலில் வைத்துத்தான் தூக்கி வந்தார்கள்.

மறுநாள் மொதலாளி வந்து பார்த்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். "நீ ஆடாம ஜெயிச்சாத்தானப்பா மானேஜருன்னு பேச்சு? நீயே ஆடித்தான ஜெயிச்சிருக்க" என்று சொல்லிவிட்டுப் பழத்தை வைத்துவிட்டுப் போனாராம். எனக்கு இன்றைக்கும் ரத்தம் கொதிக்கிறது. நன்றாக யோசித்துப் பாருங்கள். ஒரு மனுஷன் காலை உடைத்துக்கொண்டு கப்பு வாங்கித் தருகிறான். வாங்கித் தந்ததே குற்றம் என்று அவனை அனுப்புகிறான் இன்னொருவன். அந்தக் கப்பைக் கொண்டுபோய்க் கடையில் புடவை கட்டிய பொம்மைக்குப் பக்கத்தில் வைத்து, சந்தனம் பூசி, வருகிற போகிறவர்களிடம் "நம்ம டீமு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். கூலி கேட்டுத் தந்த ஆளுக்காக எங்களில் ஒருத்தனாவது அன்றைக்குச் சாக்கு ஊசியைக் கீழே வைத்தோமா? வைக்கவில்லை. எல்லாருக்கும் முட்டி நன்றாக இருந்தது, முதுகெலும்புதான் இல்லை. எனக்கு அது முதலிலேயே கிடையாது.

ஒரு மாதம் கழித்து அவரைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கக்கத்தில் கட்டை ஊன்றி நின்றிருந்தார், கையில் ஒரு டிரங்குப் பெட்டி. மச்சான் ஊரில் ஏதோ கடையில் உட்காரப் போவதாகச் சொன்னார். பஸ் வரும் வரைக்கும் நான் அழுதேன். அவர் பஸ் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மன்னிச்சிடுங்க மானேஜர்."

"ஆடறவனுக்கு ஒம்மேல கோவமே இல்லடா" என்றார். "ஆனா மானேஜரு ஒன்ன மூணு மேட்ச் ஒக்கார வெச்சிட்டான். அவன் சொன்னா சொன்னதுதான். நான் இன்னா பண்ண முடியும்?"

பஸ் வந்தது. பெட்டியை நான்தான் ஏற்றினேன்.

நடந்தது இதுதான். லிஸ்டில் ஏழாவது பெயர் என்னுடையது. மைக்கில் என்னை ஆடக் கூப்பிட்டார்கள். நான் கரும்புக்குள் கிடந்தேன். அவர் இறங்கினார், நாங்கள் ஜெயித்தோம், அவருக்கு வேலை போயிற்று.